ஆடையகமும் ஆதாயமும்

வணிகத் துறையிலே பலருக்கும் எளிதாய்த் தோன்றி, இறங்கிய பின் பலரைச் சோர்விக்குந் தொழில் ஆடை வணிகமாகும். உணவுக்கு அடுத்தபடியாக மக்கள் யாவரும் வேண்டுவது உடை. ஆதலின் ஆடை விற்போர் நட்டமடைதற்கு இடமில்லை என்பது பலர் எண்ணம். ஆயினும், நம் ஊர்களிலே ஆரவாரத்துடன் திறக்கப்படும் சிறு ஆடையகங்களுட் பல சில ஆண்டுகளுக்குள் மூடப்படுதலைக் காண்கின்றோம். நகையை ஈடு வைத்துப் பெற்ற முதல் அங்கே துணியாக மாறித் தட்டுகளில் உறங்கிவிடுகின்றது. இதற்குக் காரணம் யாது? ஆடையகத்தின் ஆதாயம் எங்கே பிறக்கின்றது? இவ்விரு வினாக்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தெரிந்தெடுத்த ஆடைகளைச் சிறிய அளவில் விற்குங் கடையை இந்நாளில் ‘பூட்டிக்’ என்பர். இது பிரெஞ்சுச் சொல். ஆயின் இலங்கையில் ஆங்கிலம் பேசியோர் இதனை நெடுங்காலமாகத் தெருவோரச் சிறு கடைக்கே வழங்கி வந்தனர். போர்த்துக்கேயச் சொல்லொன்றின் வழியாக இவ்வழக்கு எழுந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையோ கண்டியரசர் காலத்திற் குடியேறிய போர்த்துக்கேயரின் வழியினர் வாழ்ந்த ஊராகவும், புனித அந்தோனியார் திருத்தலம் அமைந்த ஊராகவும் அறியப்படுவது. அத்தகைய ஊரொன்றில் ஆடையகந் தொடங்க எண்ணுவோர் இப்பழம்பொருளை மறத்தலாகாது. பெயர் எத்துணை நாகரிகமாயினும் அதுவும் ஒரு சிறு கடையே. சிறு கடையின் கணக்கே அதற்குங் கணக்கு.

அக்கணக்கினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒருவர் ஆடையொன்று 2,000 ரூபாவாக 100 ஆடைகள் கொள்முதல் செய்கின்றார். விற்பனை விலையை 3,000 ரூபா எனக் குறிக்கின்றார். முதல் 200,000 ரூபா. எதிர்பார்க்கும் இலாபம் 100,000 ரூபா. 60 ஆடைகள் குறித்த விலைக்கு விற்கின்றன; 180,000 ரூபா கைக்கு வருகின்றது. எஞ்சிய 40 ஆடைகள் தேங்குகின்றன. நான்கு மாதங் கழித்து அவற்றை 1,500 ரூபா வீதந் தள்ளிவிடுகின்றார். மொத்த வரவு 240,000 ரூபா. ஆகவே மொத்த இலாபம் 40,000 ரூபாவே. வாடகை, மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு மாதம் 15,000 ரூபா எனின், நான்கு மாதச் செலவு 60,000 ரூபா. முடிவு 20,000 ரூபா நட்டம்.

மற்றொருவர் அதே ஆடையில் மாதம் 30 மட்டுமே எடுக்கின்றார். முதல் 60,000 ரூபா. 24 ஆடைகளை 3,000 ரூபாவுக்கும், எஞ்சிய ஆறினை மாத முடிவில் கொள்விலைக்கும் விற்றுவிடுகின்றார். வரவு 84,000 ரூபா. செலவு நீங்க 9,000 ரூபா மிஞ்சும். அதே முதலைக் கொண்டு அடுத்த மாதம் புதுச் சரக்கு வாங்கலாம். நான்கு மாதம் இவ்வாறே நடப்பின் 36,000 ரூபா ஆதாயம். முன்னவர் இட்ட முதலில் மூன்றிலொரு பங்கும் இவர் இடவில்லை. இதனால் அறியப்படுவது யாதெனின், ஆதாயத்தை ஆக்குவதும் அழிப்பதும் விற்காமல் எஞ்சும் துணியே என்பது. விலைச்சீட்டில் எழுதிய இலாபம் வெறும் எதிர்பார்ப்பு; முதல் எத்தனை முறை சுழன்று மீள்கின்றது என்பதே உண்மை.

ஈண்டு மாணவர் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 2,000 ரூபா ஆடையை 3,000 ரூபாவுக்கு விற்போர் தமக்கு 50 வீத இலாபம் என மகிழ்வர். அது கொள்விலையின் மேற் கணித்தது. விற்பனை விலையின் மேற் கணிப்பின் 33⅓ வீதமே. எனவே ‘மூன்றிலொரு பங்கு கழிவு’ என்று பலகை எழுதிய அன்றே இலாபம் முழுதும் போயிற்று.

ஆடை தேங்குதற்குக் காரணங்கள் பல. ஒரே வகையிலே நடுத்தர அளவுகள் முந்தி விற்க, மிகப் பெரியனவும் மிகச் சிறியனவும் எஞ்சும். பருவந் தவறின் விலை தவறும். மாசியில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர், சித்திரைப் புத்தாண்டு, ஆனி மாதத்து அந்தோனியார் திருவிழா, நோன்புப் பெருநாள், தீபாவளி, நத்தார் என மாவட்டத்தின் திருநாட்களைக் குறித்து வைத்து, அவற்றுக்கு முன்னரே சரக்கு எடுத்தல் வேண்டும். கடன் விற்பனையோ தேங்கிய துணியினுங் கொடியது. துணியேனும் தட்டில் இருக்கும்.

விற்குமுன் ஆக்காமல், வேண்டுவோரை அறிந்து ஆக்குதலே தேக்கத்துக்கு நன்மருந்து. இதற்கு இம்மாவட்டத்திலேயே சிறந்ததொரு சான்று உண்டு. மாத்தளை நகருக்கு வடக்கே, பௌத்தத் திரிபிடகம் எழுத்தில் வரையப்பெற்ற இடமெனப் புகழ்பெற்ற அலுவிஹாரையைச் சார்ந்தவர் ஏனா டி சில்வா அம்மையார். 1960களில் அவர் கொழும்பிலே பத்திக் தொழிலைத் தொடங்கினார். ஓவியர் லக்கி சேனநாயக்கவும், அம்மையாரின் மகன் அனில் காமினி ஜயசூரியவும் அவருடன் உழைத்தனர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டப விதானத்தை அணிசெய்தது இவர்தம் பத்திக் துணியே. 1980களில் அம்மையார் தம் பூர்விக ஊருக்கு மீண்டு, கிராமப் பெண்களைக் கொண்டு பத்திக், பூத்தையல் வேலைகளை வளர்த்தார்; தச்சு வேலையும் பித்தளை வார்ப்பும் சேர்ந்தன; வருவோர்க்கு விருந்துணவும் அளிக்கப்பட்டது. 2015இல் அவர் மறைந்தார்.

இம்முயற்சியில் மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, வேறெங்குங் கிடையாத சொந்த வடிவம். 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டபின், மலிவான அந்நியத் துணியோடு விலையிற் போட்டியிட்ட உள்ளூர்க் கைத்தறிகள் பெரிதுந் தளர்ந்தன. இரண்டாவது, சொல்லி வைத்துச் செய்விக்கும் வாடிக்கையாளர். மூன்றாவது, வருவாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள். வஹகோட்டையில் ஒரு தையற் பொறியுடன் தொடங்குபவர்க்கும் இவை பொருந்துவனவே. உடலளவு எடுத்துத் தைத்தல், வாங்கிய உடையைத் திருத்திக் கொடுத்தல், திருமணத்துக்கும் பாடசாலை விழாவுக்கும் முன்பணம் பெற்று ஆக்குதல் ஆகியவற்றில் தேக்கம் அரிது.

இனி, உழைப்பின் விலையை நோக்குவாம். பத்திக் துணியில் நிறந் தோய வேண்டாத இடங்களை உருகிய மெழுகால் மூடிச் சாயத்தில் அமிழ்த்துவர். நிறம் மாறுந்தோறும் மெழுகும் சாயமும் மீண்டும் வேண்டும். இறுதியிற் கொதிநீரில் மெழுகை நீக்குவர். துணியின் விலையினும் கையின் விலையே இதில் மிகுதி. அவ்வாறிருக்க, வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் பலர் தம் உழைப்பைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. நள்ளிரவு வரை தைத்த நேரத்துக்குக் கூலியிட்டபின் எஞ்சுவதே இலாபம். ஏனையது குறைந்த கூலியின் மறுபெயர்.

உதவிக்கு ஒருவரை அமர்த்தின் சட்டக் கடமையும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதஞ் செலுத்துவர். சம்பளம் 30,000 ரூபா எனின் உண்மைச் செலவு 34,500 ரூபா. ஆடையொன்றில் 1,000 ரூபா மிஞ்சும் கடையிலே இதனை ஈடுசெய்ய மாதம் இன்னும் 35 ஆடைகள் முழு விலைக்கு விற்றாதல் வேண்டும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் ஆளெடுப்பதே அவருக்கும் நமக்கும் நன்று. வள்ளுவர் வணிகர்க்குரிய நெறியை நடுவுநிலைமை அதிகாரத்துள் வைத்தமை கருதத்தக்கது. வாங்குவோருக்கு மட்டுமன்றித் தைப்போருக்கும் உரியது அந்நடுவுநிலைமை.

சுற்றுலாப் பயணியரை மட்டும் நம்பிய கடைகள் 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலாலும், 2020இன் பெருந்தொற்றாலும், 2022இன் பொருளாதார நெருக்கடியாலும் அடுத்தடுத்து இடருற்றன. தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் செல்வோர் வாங்குவதை மிகுவருவாய் எனக் கொண்டு, அயலூராரின் தேவையை அடித்தளமாக அமைத்தலே அறிவுடைமை.

தொடங்குவோர்க்குச் சுருங்கச் சொல்லின், தொழிற்பெயரைப் பிரதேச செயலகத்திற் பதிக. மூன்று மாதச் செலவைத் தனியே ஒதுக்குக. எஞ்சிய முதலிலும் பாதிக்கே முதலிற் சரக்கு எடுக்க. வரவு செலவுக்கு ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று, வாடிக்கையாளரின் அளவும் விருப்பமும் குறிக்க ஒன்று என மூன்று ஏடுகள் போதும். வந்த நாளைத் துண்டில் எழுதி ஒவ்வோர் ஆடையிலும் இணைத்துவிடின், உறங்கும் துணி தானே தன்னைக் காட்டும். குடும்பச் செலவுக்குக் கல்லாவிற் கை வையாது, தமக்கும் ஒரு மாதச் சம்பளம் வரையறுத்துக் கொள்க.

நம் பாடசாலைகளில் வணிகமும் கணக்கியலும் கற்பிக்கின்றோம். அக்கல்வி பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடாது, அயல் வீட்டுத் தையற் பொறியின் அருகிற் சென்று அமருமாயின், ஈடு வைத்த நகைகள் பல வீடு மீளும்.