உப்புக்காற்றைச் சுவாசிக்கும் எஞ்சின்

ஃபில்டரில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. தீவில் இருப்பவர்களுக்கு அதோடு காத்திருப்பும் சேர்த்தி.

வண்டூருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் பார்வையெல்லாம் கடல்மீதுதான். 1983-ல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் வாசல் இது. பவளப்பாறைகளைப் பார்க்க ஜாலிபாய் தீவுக்குப் படகு கிளம்புவதும் இங்கிருந்துதான். ஊரிலேயே வசிப்பவருக்கோ கடலைவிடச் சாலை முக்கியம். சுமார் 29 கி.மீ. தொலைவிலுள்ள போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம்) நினைத்த நேரத்தில் போய்வர வேண்டுமானால் மோட்டார் சைக்கிள்தான் கைகொடுக்கும்.

அந்தப் பயணத்தில் எஞ்சின் குடிக்கும் காற்றின் அளவு திகைக்க வைக்கும். பெட்ரோல் சரியாக எரிய அதன் எடையைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். அதாவது லிட்டருக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 60 கி.மீ. ஓடும் 100 சிசி வண்டி நகரத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பினால் அவ்வளவு காற்றும் உள்ளே போகிறது. அதிலுள்ள தூசிக்கும் சிலிண்டருக்கும் நடுவே நிற்பது கையகல ஏர் ஃபில்டர் ஒன்றுதான். அதைத் தாண்டும் தூசி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதலில் இழுவை குறையும், பிறகு சைலன்சரில் நீலப்புகை வரும், கடைசியில் ரீபோர்.

தூசி மட்டுமே எதிரி என்றால் தீவுக்காரர்கள் தப்பித்துவிடலாம். ஆனால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. இது சென்னையைப்போல இரு மடங்கு. போதாக்குறைக்குக் கடலோர உப்பு. ஈரத்தில் ஊறிய காகித ஃபில்டரில் காற்றுவழி அடைபடும். உப்பு, உலோக பாகங்களை அரிக்கும்.

எந்த ஏர் ஃபில்டர்?

ஃபில்டர்கள் பெரும்பாலும் மூன்று வகை. காகித ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும். ஆனால் கழுவ முடியாது. அதிலும் எண்ணெய்ப் பிசுபிசுப்போடு வரும் ரகம் ஒன்று உண்டு. ஹீரோ, ஹோண்டா வண்டிகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. சுத்தம் செய்வதாக நினைத்து இதில் காற்றடிப்பது வண்டிக்குச் செய்யும் துரோகம். அழுக்கானால் மாற்றுவது ஒன்றே வழி. ஸ்பாஞ்ச் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, ஆயிலில் தோய்த்துப் பிழிந்து மறுபடி மாட்டலாம். ஈரமான ஊருக்கு இது ஏற்றது. ஆனால் வண்டியோடு அந்த வகை வந்திருந்தால் மட்டுமே. மூன்றாவது, எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர். கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். விலை பல மடங்கு. 100 சிசி வண்டியில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

பிக்-அப் கூடும் என்ற ஆசையில் ஏர்பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடலோரத்தில் இது மழைநீருக்கும் உப்புச் சாரலுக்கும் விரிக்கும் சிவப்புக் கம்பளம்.

ஆயில் ஃபில்டர் இருக்கிறதா?

ஸ்பிளெண்டருக்கு ஆயில் ஃபில்டர் கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பார். 1994-ல் அறிமுகமான அந்த வண்டியில் மாற்றக்கூடிய காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலையும், சுற்றும் வேகத்தில் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் உண்டு. இவற்றைத் துடைக்க கிளட்ச் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். வேலை அதிகம் என்பதால் தள்ளிப்போடப்படுவதும் இதுவே. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்திப்படுவது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொள்வது போல.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் போன்ற வண்டிகளில் காகித ஃபில்டர் உண்டு. வாங்கும்போது பார்ட் நம்பர் பொருந்துகிறதா, மடிப்புகள் சீராக இருக்கின்றனவா, ரப்பர் வளையம் வெடிப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மலிவான போலியைப் பெரும்பாலும் இங்கேயே பிடித்துவிடலாம். மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போடக் கூடாது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயில் ஓட்டம் நின்றுவிடாதபடி பல எஞ்சின்களில் ஒரு பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வண்டி வழக்கம்போல ஓடும், ஆனால் வடிகட்டாத ஆயிலில். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, எஞ்சின் தேய்ந்து சத்தம் போடும்வரை.

மழைக்காலத்தில் வீட்டுக்கும் படகுத்துறைக்குமாகச் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதில்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. உடனே மாற்றியாக வேண்டும். ஈரமும் தூசியும் மிகுந்த இடங்களில் அடிக்கடி பராமரிக்க வேண்டும் என்று கம்பெனி கையேடுகளே சொல்கின்றன. தீவில் கிலோமீட்டர் கணக்கோடு காலண்டர் கணக்கும் முக்கியம்.

இத்தனைக்கும் மேல், உதிரிபாகங்கள் கடல் தாண்டி வர வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் சுமார் மூன்று நாள். அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பது தனி. எனவே சரியான நம்பர் ஃபில்டரில் ஒன்று கூடுதலாக வாங்கி, உறை பிரிக்காமல் ஈரம் படாத இடத்தில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். கிடைத்ததை மாட்டும் கட்டாயம் அப்போது வராது.

கழற்றிய ஃபில்டரில் சொட்டும் பழைய ஆயிலுக்கும் ஒரு வழி வேண்டும். ஜாலிபாய்க்கு பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பயணிகளின் பைக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பு, கடலை நோக்கி ஓடும் சாக்கடையில் ஆயிலைக் கொட்டும் கைக்கும் வேண்டும். டப்பாவில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டால் எஞ்சினும் பிழைக்கும், பவளப்பாறையும் பிழைக்கும்.