பக்கத்து வகுப்பறைக்கு ஒரு நாள்

கரும்பலகைக்குப் பின்னால் – 11

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. பழைய ஜமீன் ஊர், இன்றைக்குப் பேரூராட்சி. கீழே முருங்கையும் மக்காச்சோளமும் பருத்தியும். மேலே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் காப்பித் தோட்டங்கள். இந்த வட்டாரத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர் என்பதால் எமிஸ் இணையதளப் பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு எல்லாம் அவர் தலையில். இப்போது வட்டார வள மையத்திலிருந்து மூன்று நாள் பயிற்சிக்கு அழைப்பு வருகிறது. உதவி ஆசிரியை பயிற்சிக்குப் போய்விடுகிறார். மூன்று நாளும் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றி யார் பேசினாலும் இந்த மூன்று நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பயிற்சிக்கான படியைத் துறை தருகிறது. அதன் உண்மையான விலையைக் கொடுப்பது அந்தப் பள்ளிக் குழந்தைகள்தான். அப்படியானால் போன டீச்சர் திரும்பி வரும்போது அவர்களுக்கு என்ன கொண்டுவருகிறார்?

பெரும்பாலும் ஒரு கையேடு கொண்டுவருகிறார். நல்ல கையேடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வந்துவிட வேண்டும் என்ற இலக்கோடு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள், நிலைக்கேற்ற பயிற்சி நூல்கள், பருவத்துக்கு ஒரு கையேடு, பாட்டு, கதை, பொம்மலாட்டம். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை என்பதை அரசின் புத்தகமே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். கோளாறு அது வந்து சேரும் வழியில் இருக்கிறது. மாநில அளவில் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்தில் கொடுப்பார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டாரத்தில் கொடுப்பார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ‘ஏன்’ என்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கடைசியில் ‘எந்தப் பக்கத்தை எந்தத் தேதிக்குள்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது.

கையேட்டில் வராத ஒன்றைப் பார்ப்போம். மூன்றாம் வகுப்புக் கழித்தல். பலகையில் 52-க்குக் கீழே 27. வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் 35 என்று எழுதியிருப்பார்கள். டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, “பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்னு சொன்னேன்ல?” என்று மறுபடி விளக்குவார். அடுத்த நாளும் 35-தான் வரும். அந்தப் பிள்ளை கவனக் குறைவாக எழுதவில்லை. அதற்கு ஒரு தெளிவான நியாயம் இருக்கிறது: இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழி, ஐந்து. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. எப்போதும் பெரியதில் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் கேட்டதை அது மறக்கவில்லை, அவ்வளவுதான்.

பலகைப் பக்கம் திரும்பி நிற்கிற டீச்சருக்கு இது தெரியாது. நாற்பது நிமிடம், முப்பது பிள்ளைகள். ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆசிரியருக்குத் தெரியும். அது வாய்க்குள் முணுமுணுப்பது அவர் காதில் விழும். மதியம் சாப்பிடும்போது அவர் சொல்வார்: “டீச்சர், அந்தப் பையன் தலைகீழா கழிக்கிறான். கடன் வாங்கறதுன்னா அவனுக்கு என்னன்னே தெரியல. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக் கட்டிக் குடுங்க. ஒரு கட்டை அவனே அவுக்கட்டும்.” மறுநாள் அந்தப் பையன் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்துக்கொண்டு, ஒரு கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு உதிரியாக்கி, அதிலிருந்து ஏழை எடுத்து வைப்பான். துணைக்கருவிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பதுதான் ஜப்பானில் ஆசிரியர் பயிற்சியின் முதுகெலும்பே. ஒரு பாடத்தை ஐந்தாறு ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். ‘நீ சரியாக நடத்தினாயா’ என்று யாரும் கேட்பதில்லை. ‘அந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது’ என்பதுதான் பேச்சு. நூறாண்டுக்கும் மேலாக அங்கே இருக்கும் இந்த வழக்கத்தை, அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் மற்ற நாடுகள் திரும்பிப் பார்த்தன.

கன்னிவாடிக்காரர்களுக்கு இதை ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விளக்க வேண்டியதில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பக்கத்து விவசாயிகளோடு பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. மருந்து தெளிக்காமல் பூச்சியைக் கட்டுப்படுத்தலாம் என்று மண்டபத்தில் எத்தனை படம் போட்டாலும் சம்சாரி நம்பமாட்டார். பக்கத்துக் காட்டில் போய் நின்று இலையைத் திருப்பிப் பார்த்தால் நம்புவார். ஆசிரியரும் அந்தச் சம்சாரி மாதிரிதான்.

நம் ஊரிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். காந்தியின் ஆதாரக் கல்வியில் ஆசிரியர் பயிற்சி என்றால் தங்கிப் படிப்பது. நூற்பதும் தோட்ட வேலையும் சமையலும் அதில் சேர்த்தி. கூடவே இருக்கும் மாதிரிப் பள்ளியில் தினமும் பிள்ளைகளோடு இருப்பது. சௌந்தரம் 1962-இல் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் ஆனார். ஆதாரக் கல்வி என்ற பெயர் பிறகு பள்ளிகளிலிருந்து மறைந்துவிட்டது. கைத்தொழில் போனதைவிட எனக்கு வருத்தம், பயிற்சியும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருந்த அந்த ஏற்பாடு போனது.

அது கொஞ்ச காலம் திரும்பி வந்தது, சென்னையில். வேலூர் ஆட்சியராக இருந்தபோது ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி முறையை அறிந்திருந்த எம்.பி.விஜயகுமார், சென்னை மாநகராட்சி ஆணையரானதும் 2003-இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய் வகுப்புகளைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற கற்றல் அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். கற்றல் ஏணி, கம்பிக் கொடியில் தொங்கும் படைப்புகள், பிள்ளைகளே பதியும் வருகைப் பதிவு, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை. அந்தத் தாழ்ந்த கரும்பலகையை அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டம், கட்டத்தின் தலையில் அதன் பெயர். அந்த இடத்தில் டீச்சர் எழுதுவதில்லை. டீச்சர் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

13 பள்ளி, 264 மாநகராட்சிப் பள்ளிகளாயின. 2007-08-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முப்பத்தேழாயிரத்துக்கும் மேல் ஒரே வீச்சில் அதற்கு மாறின. அங்கேதான் கதை மாறியது. சென்னையில் அட்டையை எழுதியவர்கள் ஆசிரியர்கள். மாவட்டங்களுக்கு அட்டை அச்சாகிப் பெட்டியில் வந்தது. எழுதியவருக்கு ஒவ்வொரு அட்டையும் ஏன் அந்தப் படியில் இருக்கிறது என்று தெரியும். பெட்டியைப் பிரித்தவருக்கு எண் வரிசை மட்டும் தெரியும். பல பள்ளிகளில் அட்டைகள் தட்டிலேயே கிடந்ததற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. ஒரு முறையைப் படைத்தவர்களையும் அதைப் பெற்றுக்கொண்டவர்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் இதில் ஆச்சரியம். உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் ஒரு வளாகமாகச் சேர்க்க வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966-இலேயே சொன்னது. 1990-களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் நாட்டில் பல மாவட்டங்களில் அதைக் குறுவள மையமாக்கியது. நம் மாவட்டத்துக்கு ஒட்டன்சத்திரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. குறுவள மையக் கூட்டம் என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பத்திருபது பேர் கூடுவது. ஆனால் அது சனிக்கிழமையில் நடந்தால் அங்கே பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து காணொளி பார்க்கிறார்கள். அந்தக் காணொளியை மணற்கேணி செயலியிலோ தீக்ஷாவிலோ வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கூடினால் மட்டுமே கிடைக்கிற ஒன்றை அந்த நாளில் செய்ய வேண்டும்.

மாணவர் மனநலம் சம்பந்தமான பயிற்சியில் இந்தக் குறை இன்னும் வலிக்கிறது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நம் கிராமத்து அரசுப் பள்ளியில் ஆலோசகர் என்று ஒரு பணியிடமே இல்லை. கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது, குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் முன்னால் பிள்ளை போய் நிற்பது ஒரு டீச்சரிடம்தான்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பா திருப்பூரில், அம்மா வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்டு, வீட்டில் பாட்டி. சில நாளாக மேசையில் தலை சாய்த்தபடியே இருக்கிறாள். இந்த மாவட்டத்தில் இது அபூர்வமான குடும்பமே இல்லை. பயிற்சியில் மனச்சோர்வின் அறிகுறிகள் பத்து என்று திரையில் காட்டுகிறார்கள். டீச்சருக்குத் தேவை முதல் ஐந்து நிமிடம் என்ன பேசுவது என்பது. வகுப்புக்கு நடுவே எழுப்பி நிறுத்தி “என்னடி ஆச்சு?” என்று கேட்கக் கூடாது. இடைவேளையில் மற்றவர் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத இடத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். கொடுத்த வாக்கை உடைத்தால் அந்தப் பெண் இனி எந்தப் பெரியவரையும் நம்பமாட்டாள். நடந்ததைத் திருப்பித் திருப்பிக் கேட்டுத் துருவவும் கூடாது. விசாரணை டீச்சருடைய வேலை கிடையாது. வீட்டிலேயே ஆபத்து இருக்கக்கூடும் என்பதால், வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வதால் வாய்க்கு வந்துவிடாது. இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். பெயரையும் ஊரையும் மறைத்து, ‘எனக்கு இப்படி ஒரு பிள்ளை, நான் இப்படிச் செய்தேன், சரியா?’ என்று சக ஆசிரியர்களிடம் கேட்கிற ஓர் இடம் வேண்டும். அந்தக் கேள்வியைத் தனியாகச் சுமந்துகொண்டு தூக்கமில்லாமல் தவிக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். குறுவள மையத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினால், அவர்களுக்கும் ஆறுதல், பிள்ளைக்கும் காப்பு.

தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணிக்கணக்கைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அதில் பாதியாவது பிள்ளைகள் இருக்கிற வேலை நாளில், இன்னொரு ஆசிரியரின் வகுப்பறையில் கழிய வேண்டும். ஈராசிரியர் பள்ளி ஆசிரியை அப்படிப் போகிற நாளில் அவருக்குப் பதிலாக வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் வந்து வகுப்பெடுக்கட்டும். பயிற்றுநருக்கும் அது நல்லது; சாக்பீஸைத் தொட்டு எத்தனை நாளாயிற்றோ.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு நீங்கள்தான். அடுத்த கூட்டத்தில் சுண்ணாம்பு, கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசி முடித்த பிறகு, இரண்டு கேள்வி கேளுங்கள்: “இந்தப் பருவத்துல எங்க டீச்சர் வேற எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பைப் பார்த்தாங்க? அவங்க வகுப்பை யார் வந்து பார்த்தாங்க?” பதில் இல்லையென்றால், அதற்கு ஒரு நாள் ஒதுக்கச் சொல்லித் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள்.