பள்ளியை அளக்கும் கோல்

ஓர் ஊருக்குப் புதிதாக வருபவன் அவ்வூரின் கோயிலைக் காண்பான், குளத்தைக் காண்பான், கடைத்தெருவைக் காண்பான். அவ்வூர் இருபது ஆண்டுகள் கழித்து எவ்வாறு இருக்கும் என்பதை அறிய விரும்புவானாயின், அவன் காணவேண்டிய இடம் பிறிதொன்று உண்டு. அஃது அவ்வூரின் தொடக்கப் பள்ளியாகும். இன்று அங்கே அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறாரே நாளை அவ்வூரின் உழவரும் வணிகரும் மருத்துவரும் ஆவர். ஆதலின், தம் ஊர்ப்பள்ளியின் தரத்தை அறிந்திருத்தல் ஊரார் அனைவர்க்கும் கடமையாகும். ஆயின், தரம் என்பது யாது? அதனை எக்கோல் கொண்டு அளப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

மாணவச் செல்வங்களே! முதற்கண் யான் செய்த பிழை ஒன்றனை உங்களுக்குக் கூறுகின்றேன். எங்கள் தெருவில் கொத்துவேலை செய்து வாழும் ஒருவர் இருக்கின்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை அவர் தம் ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். “ஐயா, ஊரில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. எனக்குப் படிப்பில்லை. இவளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று தாங்கள்தாம் சொல்லவேண்டும்” என்றார். கடைத்தெருவை அடுத்து ஒரு பள்ளி. ஏரிக்கரையில் ஒரு பள்ளி. முன்னதன் ஆண்டுவிழாவிற்கு யான் தலைமை தாங்கியிருந்தேன். அதன் சுவர்களில் வண்ண ஓவியங்கள் பொலிந்தன. சிறுவர் பாட்டுகளை ஒரே குரலில் பிழையின்றி ஒப்பித்தனர். ஏரிக்கரைப் பள்ளியோ பழைய ஓட்டுக் கட்டடம். அதனுள் யான் ஒருநாளும் அடி வைத்ததில்லை. சிறிதும் எண்ணிப் பாராமல், “தம்பி, கடைத்தெருப் பள்ளியிலேயே சேர்த்துவிடுக” என்று கூறிவிட்டேன். என் சொல்லை நம்பி அவரும் அவ்வாறே செய்தார்.

அச்சிறுமி இரண்டாம் வகுப்பின் நடுவில் இருந்தபொழுது, ஒரு நாள் தன் பாடநூலோடு என்னிடம் வந்தாள். “தாத்தா, படித்துக் காட்டட்டுமா?” என்று கேட்டாள். பாடம் முழுவதையும் மடமடவென்று சொன்னாள், ஓரெழுத்தும் தவறவில்லை. ஆயினும், அவள் கண்கள் நூலின்மேல் இல்லாமையைக் கண்டேன். பக்கத்தின் நடுவில் இருந்த ஒரு சொல்லைச் சுட்டி, “இஃது என்ன, அம்மா?” என்றேன். அவள் விழித்தாள். வேறொரு சொல்லைச் சுட்டினேன், தலை குனிந்தாள். அவள் கற்றது ஒலியே அன்றி எழுத்தன்று. நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த யான், சுவரைக் கண்டு பள்ளியை மதிப்பிட்டேன். அதன் பயனை ஒரு குழந்தை சுமந்தாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலை ஏரிக்கரைப் பள்ளிக்குச் சென்றேன். அங்கே ஐந்து வகுப்புகளுக்கும் இரண்டே ஆசிரியர்கள். பிள்ளைகள் நாற்பதின்மருக்குச் சற்று மிகுதியாக இருந்தனர். ஆசிரியை ஒருவர் பாய்மேல் அமர்ந்து, நான்கு சிறுவர்க்குப் புளியங்கொட்டைகளைக் கொண்டு கழித்தல் கற்பித்துக்கொண்டிருந்தார். 52 இலிருந்து 27 ஐக் கழித்தல் அன்றைய கணக்கு. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று சொல்லி நின்றுவிடாமல், பத்துக் கொட்டைகள் கொண்ட சிறு மூட்டை ஒன்றை அவிழ்த்து, “ஒரு பத்தைப் பிரித்தால் ஒன்றுகள் எத்தனை ஆயின?” என்று வினவினார். “பன்னிரண்டு” என்றான் ஒருவன். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து; எஞ்சிய நான்கு பத்துகளில் இரண்டு போக இரண்டு; விடை 25 என்று அவர்களே கண்டு சொல்லினர்.

அந்நால்வருள் ஒருவன் செங்கற்சூளையில் வேலை செய்வோரின் மகன். ஊர் ஊராகச் சென்ற குடும்பத்தோடு அலைந்தமையால், மூன்றாம் வகுப்பிற்கு வந்தபொழுது அவன் உயிரெழுத்தையும் முழுதாக அறியான். ஆசிரியை தம் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். ஆடியில், ‘எழுத்துச் சில அறிவான்’ என்றும், ஐப்பசியில், ‘சொற்களைப் படிக்கின்றான்’ என்றும், தையில், ‘சிறு பத்தியைத் திக்கித் திக்கிப் படிக்கின்றான்’ என்றும் அதில் எழுதியிருந்தது. தேர்வு மதிப்பெண் பட்டியலில் அவன் பெயரே கடைசியில் இருந்தது. ஆயினும், ஆறே திங்களில் அச்சிறுவன் கடந்த தொலைவை அப்பட்டியல் காட்டுமா? காட்டாது. அதனைக் காட்டிய கோல் அவ்வாசிரியையின் குறிப்பேடே.

இந்நிகழ்ச்சியால் யான் தெளிந்த உண்மைகளை இனி முறையாகக் கூறுவேன்.

பொதுப்பள்ளியின் முதல் இயல்பு, வாயிலில் நின்று பிள்ளைகளைத் தெரிந்தெடாமை ஆகும். 2009 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அளித்தது. கற்றோர் வீட்டுப் பிள்ளையும் வருவான். வீட்டில் ஒரு நூலையும் காணாத பிள்ளையும் வருவான். தேர்வு வைத்துச் சிறந்தோரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி, சிறந்த மதிப்பெண் காட்டுவது வியப்பன்று. ஆற்றுப் பாய்ச்சல் உள்ள வயலில் இருபது மூட்டை நெல் விளைவித்தவனையும், வானம் பார்த்த புன்செய் நிலத்தில் பத்து மூட்டை தவசம் விளைவித்தவனையும் விளைவைக் கொண்டே ஒப்பிட்டு, முன்னவனே சிறந்த உழவன் என்று முடிவு கட்டுவார் உளரோ? நிலத்தின் தன்மையையும் எண்ணியன்றோ உழவனை மதிக்கின்றோம்! அவ்வாறே, ஒரு குழந்தை எங்கே தொடங்கிற்று, எங்கே வந்து சேர்ந்தது என்னும் இரண்டனையும் அறிந்தே பள்ளியை மதித்தல் வேண்டும்.

சராசரி என்னும் கணக்கும் நம்மை ஏமாற்ற வல்லது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒரு வகுப்பில் பதின்மர் உளர். அவருள் மூவர் 90 மதிப்பெண்ணும், எழுவர் 30 மதிப்பெண்ணும் பெறுகின்றனர். மற்றொரு வகுப்பிலும் பதின்மர் உளர். ஐவர் 51 உம், ஐவர் 45 உம் பெறுகின்றனர். இரண்டு வகுப்பிலும் கூட்டுத்தொகை 480, சராசரி 48. ஆயினும், இரண்டும் ஒன்றாகுமா? முதல் வகுப்பில் எழுவர் கைவிடப்பட்டனர். இரண்டாவதில் ஒருவரும் கைவிடப்படவில்லை. ஆதலின், பள்ளியின் தரத்தை அறிய விரும்புவோர் முதல் மாணவனை மட்டும் கேளாமல், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனையும் கேட்டறிதல் வேண்டும்.

அவனிடம் கேட்கவேண்டியன இரண்டே. ஒன்று, அவன் முன்பு பாராத ஒரு சிறு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுதல். பழகிய பாடமாயின் நெஞ்சே படிக்கும். கண் படிக்க வேண்டுவதில்லை. படித்தபின், “இதில் யார் எங்கே சென்றார்?” என்பது போன்ற வினா ஒன்றனைக் கேட்டுப் பொருள் உணர்ந்தமையை அறிதல் வேண்டும். மற்றொன்று, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றனைக் கொடுத்தல். 2005 ஆம் ஆண்டு முதல் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் நாடெங்கும் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் ஆய்விலும் இவ்வகைக் கருவிகளே பயன்படுகின்றன. எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிகளுள் குழந்தை எப்படியில் நிற்கின்றது என்பதனை அவ்வாய்வு காண்கின்றது.

குழந்தையைக் கண்டபின் அதன் ஏட்டைக் காணுக. சிவப்பு மையால் சரிக்குறி மட்டும் இட்டிருப்பின் அது போதாது. பிழை சுட்டப்பட்டதா, சுட்டிய பிழையைக் குழந்தை திருத்தி எழுதிற்றா, மறு பக்கத்தில் அப்பிழை மறைந்ததா என்று நோக்குக. அதன்பின் வருகைப் பதிவேட்டைக் காணுக. தொடக்கப் பள்ளி ஆண்டிற்கு 200 நாளேனும் நடைபெறுதல் வேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. பள்ளி நடந்தால் மட்டும் போதுமா? பிள்ளைகளும் வரல் வேண்டும். காலையில் எத்தனைவர், நண்பகலுக்குப் பின் எத்தனைவர் என்று எண்ணுக. கட்டாயமின்றிப் பிள்ளைகள் விரும்பி வரும் பள்ளியில் அச்சம் குறைவு என்று அறியலாம்.

உடல் வாடினால் உள்ளம் கல்வியில் நாடாது. இதனை உணர்ந்தே, காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982 இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 இல் காலை உணவும் தொடங்கப்பெற்றது. ஆதலின், உணவு தூய்மையாகவும் நேரத்திலும் கிடைக்கின்றதா, குடிநீர் உண்டா, கழிப்பறை பூட்டிக் கிடவாமல் பயன்படுகின்றதா என்பனவும் தரத்தின் கூறுகளே. பூட்டிய கழிப்பறை காரணமாகப் பெண்குழந்தை பள்ளிக்கு வாராது நின்றுவிட்டால், எவ்வளவு அழகிய சுவரும் அவளுக்குப் பயன்படாது.

ஆசிரியரை அளக்கும் கோலை நம் முன்னோர் முன்னரே தந்துள்ளனர். பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கனையும் உவமை கூறினார். நிறைகோல் என்பது துலாக்கோல். அஃது ஒருபாற் சாயாது நின்று பொருளின் அளவை உள்ளவாறு காட்டும். அவ்வாறே நல்லாசிரியரும் முன்வரிசை, பின்வரிசை என்னும் வேறுபாடின்றி நடுநிலை பிழையாது வினா எழுப்புவர். ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு அந்நூல் கூறும் உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. வளைந்த தென்னை, நீர் வார்த்தவன் தோட்டத்தில் வேரூன்றி, அயலான் தோட்டத்தில் காய் உதிர்க்கும். ஊரார் பொருளால் நடைபெறும் பள்ளி, ஊரிலுள்ள எளியோர் பிள்ளைக்குப் பயன்படாதாயின், அதுவும் முடத்தெங்கே அன்றோ?

எனினும், ஆசிரியர்மேல் மட்டும் குற்றம் சுமத்துதல் நடுநிலை ஆகாது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த அளவு. ஆதலின், சிறிய பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இருவரே பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. ஒருவர் விடுப்பில் இருப்பாராயின் மற்றவர் ஐந்தனையும் தாங்குவர். அந்நாளில் அங்கே சென்று ஒரு நாழிகை கண்டுவிட்டுப் பள்ளியைப் பழித்தல் அறமன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். பள்ளிக்கு ஒரு நாள் பதமாகாது.

அளப்பது எதற்காக? பழிப்பதற்கன்று, திருத்துவதற்கே. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதியளவினர் பெண்டிராக இருத்தல் வேண்டும். பள்ளியைக் கேட்கும் உரிமை எழுத்தறியாப் பெற்றோர்க்கும் உண்டு என்பதே இதன் கருத்து. குறை கண்டவுடன் வசதியுடையோர் தம் பிள்ளைகளை வேறிடத்திற்கு அழைத்துச் சென்றுவிடுவர். எஞ்சி நிற்போர் எளியோரே. பிள்ளைத்தொகை குறையக் குறையப் பள்ளியும் தேயும். இறுதியில் மூடப்படவும் நேரும். அப்பொழுது செல்ல வேறிடமின்றி நிற்பது யார் பிள்ளை என்று எண்ணிப் பாருங்கள்.

யான் கொத்துவேலைத் தோழரின் வீட்டிற்குச் சென்று என் பிழையைச் சொல்லி வருந்தினேன். “ஐயா, தாங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்? இனிச் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்” என்றார் அவர். மாலைதோறும் அச்சிறுமிக்குத் திண்ணையில் எழுத்துக் கற்பித்தேன். ஆயின், அவளோடு பயின்ற மற்றப் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏது? ஆதலின், பெற்றோர் சிலர் மேலாண்மைக் குழுவில் அமைதியாக எடுத்துரைத்தனர். தலைமையாசிரியர் முதலில் முகம் சுளித்தார். பின்னர்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாமே படிக்கச் செய்து கண்டார். மறு வாரமே காலையில் முதல் ஒரு மணி நேரம், வாசிக்க இயலாதோர்க்கென ஒதுக்கப்பட்டது. சுவரின் ஓவியங்கள் அங்கேயே உள்ளன. அவற்றின் கீழ் எழுதிய சொற்களைப் பிள்ளைகள் இன்று தாமே படிக்கின்றனர்.

மாணவர்களே! நீங்கள் தொடக்கப் பள்ளியைக் கடந்து வந்துவிட்டீர்கள். உங்கள் தம்பியரும் தங்கையரும் அங்கே பயில்கின்றனர். இன்று மாலை அவர்களுள் ஒருவரை அருகில் அமர்த்தி, அவர் காணாத நூலொன்றில் நான்கு வரிகளைப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் பாராட்டுங்கள். படிக்க இயலாதாயின் நகையாதீர்கள், அருகிருந்து கற்பியுங்கள், பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பணிவோடு கூறுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையும் தானே படிக்கும் நாளில், அப்பள்ளி நற்பள்ளி என்று துணிந்து கூறலாம்.