உங்களுக்குத் தெரியுமா? விளம்பர இடைவேளையில் ஊரைக் கடக்கும் உளவாளி

● 2001 நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் தொடங்கிய '24' தொடரில் ஒரு பாகம் என்றால் கதையில் ஒரு மணி நேரம். படம் ஓடுவதோ சுமார் 43 நிமிடம்தான். மிச்ச நேரம் விளம்பரத்துக்குப் போனாலும் கதைக் கடிகாரம் நிற்காது. நாயகனின் நெடும்பயணங்கள் பலவும் முடிவது அந்த இடைவேளையில்தான்!

● இந்தக் கணக்கைக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் போட்டுப் பாருங்கள். பஜார் ரோட்டில் மசாலா மூட்டை இறக்கும் ஒரு லாரி போதும், நாயகனின் ஜீப் நின்றுவிடும். தோப்பும்படி பாலம் தாண்டி, கிட்டத்தட்ட 40 கி.மீ. தள்ளியிருக்கும் நெடும்பாசேரி விமான நிலையத்தை மூன்று நிமிட விளம்பரத்தில் எட்டிப்பிடிக்க முடியுமா?

● '24'இன் ஒவ்வொரு பருவக் கதையும் நடப்பது ஒரே நாளில். படப்பிடிப்போ பல மாதம். முடி வளர்ந்து குட்டு வெளிப்படாமலிருக்க நடிகர்களுக்கு அடிக்கடி கத்தரி போட்டார்கள்.

● 2010இல் அமெரிக்கத் தொடரின் 8ஆம் பருவத்தில் கற்பனை நாடு ஒன்றின் அதிபராக நடித்த அனில் கபூர், 2013 அக்டோபரில் கலர்ஸ் சேனலில் வந்த இந்தி '24'இல் நாயகனானார்.

● இதேபோல் கடிகாரத்தோடு போட்டிபோட்டு, கொச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இதயத்தைக் கொண்டுபோகும் கதை, 2011இல் வந்த மலையாளப் படம் 'டிராஃபிக்'. 'காதில் பூச்சுற்றல்' என்று தள்ளிவிட முடியாது. 2008இல் சென்னையில் போலீஸ் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் ஓர் இதயம் நிஜமாகவே போய்ச் சேர்ந்தது. படத்துக்கு வித்து அதுதான்.