சாவியின் கதை – 11: ஊரறியச் சொன்ன ரகசியம்

பூட்டு எவ்வளவு பலமானதாக இருந்தாலும், சாவியை மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நம்பகமான ஓர் ஆள் வேண்டும். போன வாரம் அங்கேதான் நின்றோம். ரகசியம் பேச விரும்பும் ஆலிஸ், பாப், ஒட்டுக்கேட்கும் ஈவ் மூவரும் வாசகர்களுக்குப் பழகியவர்கள்தாம். இந்த வாரம் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பத்தியில் அவரைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1974-இன் பிற்பகுதி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிஎஸ் 244 என்ற கணினிப் பாதுகாப்பு வகுப்பு. நடத்தியவர் லான்ஸ் ஹாஃப்மன். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ரால்ஃப் மெர்க்கிள், இளநிலை மாணவர். புராஜெக்டுக்கான யோசனைகளை எழுதித் தரச் சொன்னார்கள். மெர்க்கிள் இரண்டு எழுதினார். இரண்டாவது, தரவைச் சுருக்குவது பற்றியது. முதலாவதுதான் நம் கதை.

அவர் கேட்டுக்கொண்ட கேள்வி இது: நம் கடவுச்சொற்கள், சாவிகள் எல்லாமே எதிராளிக்குத் தெரிந்துவிட்டன. இனி நாம் பேசப்போகும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழும். இந்த நிலையிலிருந்து இரண்டு பேர் மீண்டும் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியுமா? முடியாது என்று நிரூபிக்கத்தான் மெர்க்கிள் முதலில் உட்கார்ந்தார். நிரூபணம் வசப்படவில்லை. சரி, முடியும் என்று காட்டிப் பார்ப்போமே என்று திசையைத் திருப்பினார். வழி கிடைத்துவிட்டது.

அந்த வழியை எந்தக் கல்லூரி வகுப்பிலும் காகிதச் சீட்டுகளை வைத்துச் செய்து காட்டலாம். ஆலிஸ் நூறு சீட்டு எழுதுகிறார். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்கள்: 'சரி' என்ற சொல், சீட்டுக்கான ஓர் அடையாள எண், ஒரு நீண்ட ரகசிய எண். அடையாள எண்ணும் ரகசிய எண்ணும் சீட்டுக்குச் சீட்டு வேறு. எழுதியதை அப்படியே தருவதில்லை. ஒவ்வொரு சீட்டையும் 00 முதல் 99 வரையுள்ள ஏதோ ஒரு சாவியால் மறைத்து எழுதுகிறார். வேண்டுமென்றே போட்ட பலவீனமான பூட்டு அது. நூறையும் நன்றாகக் குலுக்கி, எல்லாரும் பார்க்க மேசைமேல் கொட்டுகிறார். ஈவும் நூறையும் நகலெடுத்துக்கொள்கிறார், தடையே இல்லை.

பாப் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுக்கிறார். 00, 01, 02 என்று ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறார். 'சரி' என்ற சொல் தெளிந்து வந்ததும் பூட்டு திறந்துவிட்டது என்று தெரிகிறது. உள்ளே அடையாள எண் 37, பக்கத்தில் ரகசிய எண். பாப் வகுப்பே கேட்கும்படி "முப்பத்தேழு" என்கிறார். ஆலிஸ் தன் பட்டியலில் 37-க்கு நேரே பார்க்கிறார். அவ்வளவுதான், இருவரிடமும் இப்போது ஒரே ரகசிய எண் இருக்கிறது. ஈவும் 37 என்று கேட்டார். ஆனால் எந்தச் சீட்டுக்குள் 37 இருக்கிறது? பூட்டை உடைக்காமல் தெரியாது. ஒவ்வொன்றாக உடைத்தே தேட வேண்டும். பாப் சராசரியாக 50 முறை முயன்றால் போதும். ஈவோ சராசரியாக 50 சீட்டுகளை, ஒவ்வொன்றுக்கும் 50 முயற்சி வீதம் உடைக்க வேண்டும், மொத்தம் 2,500.

இந்த இடைவெளிதான் என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. சீட்டுகளும் சாவிகளும் 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 லட்சம் சாவிகளைச் சோதிக்கும் கணினியில் பாப் வேலை ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். அதே கணினியில் ஈவுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். நல்லவர்களின் உழைப்பு எவ்வளவோ, உளவாளியின் உழைப்பு அதன் வர்க்கம். முன்கூட்டிச் சந்திக்காத இரண்டு பேர், எல்லாவற்றையும் ஊரறியப் பேசி, ரகசியத்தோடு எழுந்து போகிறார்கள்!

ஹாஃப்மனுக்கு அந்தத் தாள் குழப்பமாகப் பட்டது. இரண்டாவது யோசனையே தேவலை என்றார். மெர்க்கிள் எளிமைப்படுத்தித் திரும்ப எழுதினார். அப்போதும் எடுபடவில்லை. அவர் வகுப்பை விட்டுவிட்டார், யோசனையை விடவில்லை. ஹாஃப்மன் சாதாரணமானவர் அல்லர். கணினிப் பாதுகாப்பைக் கல்லூரியில் பாடமாக நடத்துவதே அபூர்வமாக இருந்த காலத்தில் அதை நடத்தியவர். சாவியை ரகசியமாகத்தான் கொண்டுசேர்க்க வேண்டும் என்பது அன்று எல்லாருக்கும் பாலபாடம். அந்தப் பாடம் தெரிந்தவர்களுக்கு மெர்க்கிளின் கேள்வியே பிடிபடவில்லை.

1975-இல் மெர்க்கிள் அதைக் கட்டுரையாக்கி ஏசிஎம் அமைப்பின் இதழுக்கு அனுப்பினார். மறையாக்கச் சிந்தனையின் நடைமுறைப் போக்கோடு ஒட்டவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதினார். முந்தைய ஆய்வுகள் எதையும் சுட்டவில்லை என்பதும் ஒரு குறை. சுட்டுவதற்கு வெளியுலகில் என்ன இருந்தது? கட்டுரை அச்சேறியது 1978 ஏப்ரலில். அதற்குள் 1976 நவம்பரில் டிஃபியும் ஹெல்மனும் இதே கேள்விக்கு விடை சொல்லும் தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டிருந்தார்கள். மெர்க்கிள் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் ஹெல்மனிடம் ஆய்வு செய்து 1979-இல் முனைவரானார். டிஃபி-ஹெல்மன் என்று நாம் சொல்லும் முறையில் மெர்க்கிள் பெயரும் சேர வேண்டும் என்று பின்னாளில் எழுதியவர் ஹெல்மனேதான். 2015-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது மற்ற இருவருக்கு மட்டும் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் கல்லூரிகளில் கிரிப்டோகிராஃபி தாள் வழக்கமாக சீசரில் தொடங்கி, டெஸ், ஏஇஎஸ் வழியாக ஆர்எஸ்ஏவுக்கு வரும். 3, 11 என்று இரண்டு பகா எண்களைக் கொடுத்து, பொதுச் சாவி 7 என்றால் தனிச்சாவி என்ன என்று கேட்டால், 3 என்று பிள்ளைகள் கண்ணிமைப்பதற்குள் எழுதிவிடுவார்கள். எதற்காக இந்தக் கணக்கு, இது இல்லாமல் என்ன முடியாமல் இருந்தது என்று கேட்டால் தயங்குவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியை நாம் மறைத்து வைத்திருக்கிறோம். ஆர்எஸ்ஏவுக்கு முந்தைய வகுப்பில் அந்த நூறு சீட்டுகளைக் கொட்டி, ஒரு மாணவியை ஈவாக உட்கார வைத்தால், சூத்திரம் வரும்போது அது எந்த இடத்தை நிரப்ப வந்தது என்று தெரியும்.

சீட்டு முறை நடைமுறைக்கு ஏன் வரவில்லை? வர்க்க இடைவெளி போதாது. ஈவ் ஆயிரக்கணக்கில் கணினிகளைக் கூட்டினால் மூன்று நாள் சில நிமிடமாகச் சுருங்கிவிடும். இதைவிடப் பெரிய இடைவெளி கிடைக்குமா? 1989-இல் இம்பாலியாட்சோவும் ரூடிக்கும் ஒரு வரம்பு போட்டார்கள்: உள்கட்டமைப்பு எதுவும் இல்லாத, எழுந்தமானமான பூட்டுகளை மட்டும் நம்பினால், எப்படிப்பட்ட திட்டம் தீட்டினாலும் இடைவெளி ஆறாம் அடுக்கைத் தாண்டாது. 2009-இல் போஅஸ் பராக்கும் முகமது மஹ்மூதியும் அதை வர்க்கம் வரை இறக்கி நிரூபித்துவிட்டார்கள். அதாவது, அந்தக் கருவிகளை வைத்து எட்டக்கூடிய உச்சத்தை அந்த மாணவர் 1974-இலேயே எட்டியிருந்தார். நிரூபணம் வர 35 ஆண்டு ஆயிற்று.

வர்க்கத்தைத் தாண்ட வேண்டுமானால் பூட்டுக்குள் ஒரு கணிதக் கட்டமைப்பு வேண்டும். பகா எண்கள் உள்ளே நுழைவது இங்கேதான். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் 1977-இல் எம்ஐடியில் உருவாக்கிய ஆர்எஸ்ஏவை அடுத்த வாரம் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன். கூடவே கான்பூர் ஐஐடியும் வரும். நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இரண்டு பிடெக் மாணவர்கள் செய்த புராஜெக்டின் தொடர்ச்சியாக, 2002 ஆகஸ்டில் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து, ஓர் எண் பகா எண்தானா என்பதை ஐயமின்றி, விரைவாகக் கண்டறியும் முறையை அவர்கள் வெளியிட்டார்கள். அங்கே மாணவர்களின் தாளை ஆசிரியர் எப்படிப் படித்தார் என்பதையும் பார்ப்போம்.

(தொடரும்)