காப்பியடித்தவர் மீது வழக்கா? முதலில் காலண்டரைப் பாருங்கள்!

குமராட்சியில் உட்கார்ந்து எழுதும் சாஃப்ட்வேரை யார் காப்பியடிக்கப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் இருக்கும் ஊர் எங்களுடையது. சுற்றிலும் நெல் வயல்கள். 2006ல் ரைஸ் மில்களுக்காக விஷுவல் பேசிக் 6ல் ஒரு கணக்கு புரோகிராம் எழுதினேன். நெல் வரவு, அரிசி, தவிடு, அரவைக்கூலி எல்லாம் தமிழிலேயே வரும். சிடி ஒன்று 1,500 ரூபாய்.

2011ல் சிதம்பரம் பக்கம் ஒரு மில்லுக்குப் பிரிண்டர் பழுது பார்க்கப் போனேன். அங்கே ஓடிக்கொண்டிருந்தது என் புரோகிராம்! முகப்பில் மட்டும் வேறொருவர் பெயர். நான் 'அறவைக்கூலி' என்று தப்பாக அடித்திருந்தேன். அந்தத் தப்பும் மாறாமல் இருந்தது.

விற்றவர் வேறு மாவட்டத்துக்காரர். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டேன். தங்கை கல்யாணம், அப்பாவின் வைத்தியச் செலவு என்று நாட்கள் ஓடின. கடலூரில் வக்கீலைப் பார்த்தபோது 2016 வந்துவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, "என்றைக்கு விற்றார்?" என்பதுதான்.

மூன்று ஆண்டுக் கெடு

கம்ப்யூட்டர் புரோகிராமும் கதை, கட்டுரை போல ஓர் இலக்கியப் படைப்பு என்கிறது 1957ம் ஆண்டின் காப்பிரைட் சட்டம். ஆனால் நஷ்டஈடு கேட்பதற்கான கெடு அதில் இல்லை; 1963ம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 88வது இனத்தின்படி கெடு மூன்று ஆண்டுகள். கணக்கு தொடங்குவது உங்களுக்குத் தெரியவந்த நாளில் அல்ல, உரிமை மீறப்பட்ட நாளில். எதிராளி மோசடியாக மறைத்திருந்தால் மட்டும் அது வெளிப்படும் வரை 17வது பிரிவு விலக்கு தருகிறது.

அப்படியானால் 2011ல் விற்ற சிடிக்களுக்கு? "அது போனது போனதுதான்" என்றார் வக்கீல். என் முகம் வாடியதைப் பார்த்து, "அவர் இப்போதும் விற்கிறாரா?" என்று கேட்டார். விற்கிறார் என்றேன். "அப்படியானால் கதவு மூடவில்லை" என்றார்.

ஒவ்வொரு விற்பனையும் ஒரு புதிய மீறல். தொடரும் தவறுக்குக் கெடுவும் நொடிக்கு நொடி புதிதாகத் தொடங்குகிறது என்கிறது அதே சட்டத்தின் 22வது பிரிவு. டிரேட் மார்க் வழக்கு ஒன்றில் 1996ல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. ஆகவே விற்பனையை நிறுத்தச் சொல்லலாம். கடைசி மூன்று ஆண்டு விற்பனைக்கு நஷ்டஈடும் கேட்கலாம். வழக்கை அவர் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நான் குடியிருந்து தொழில் செய்யும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62வது பிரிவு வழி செய்கிறது.

சினிமாவில் நடந்தவை

ஆரூர் தமிழ்நாடன் எழுதிய 'ஜூகிபா' கதை 1996ல் வெளிவந்தது. 'எந்திரன்' படம் 2010ல் வந்ததும் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கதை வந்து 14 ஆண்டு ஆகிவிட்டதே என்று தோன்றலாம். ஆனால் கெடு எண்ணப்படுவது படைப்பு வெளியான நாளிலிருந்து அல்லவே! காப்பியடித்தது நிரூபிக்கப்படவில்லை என்று 2023ல் அந்த வழக்கு தள்ளுபடியானது. நாள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, சாட்சியமும் வேண்டும்.

அமெரிக்காவிலும் கெடு மூன்று ஆண்டுதான். 1980ல் வந்த 'ரேஜிங் புல்' படத்தின் மீது, தன் தந்தையின் திரைக்கதை உரிமைக்காக பாலா பெட்ரெல்லா 2009ல் வழக்குப் போட்டார். இத்தனை ஆண்டு தாமதமா என்று கீழ் நீதிமன்றங்கள் மறுத்தன. கெடுவுக்கு உட்பட்ட கடைசி மூன்று ஆண்டுகளுக்கு வழக்கு நடத்தலாம் என்று 2014ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* காப்பியைக் கண்ட அன்றே நாளைக் குறியுங்கள். முடிந்தால் பில் கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள்.
* ஃபைலின் தேதியை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸில் வேறு போல்டருக்குக் காப்பி செய்தாலே 'கிரியேட்டட்' தேதி மாறிவிடும். சோர்ஸ் கோடை ஜிப் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள்.
* பதிவு கட்டாயமில்லை. ஆனால் காப்பிரைட் அலுவலகத்தில் பதிவு செய்தால் அது நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாகும்.
* ஸ்கிரீன்ஷாட், மெயில் போன்றவற்றைத் தாக்கல் செய்ய, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்.
* வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டதால் கெடு நின்றுவிடாது.

என் கதை? கையில் இருந்தது 2011ம் ஆண்டு பில் மட்டும். அது கெடு தாண்டியது. மில் மில்லாக அலைந்ததில் 2014, 2015ம் ஆண்டு பில்கள் இரண்டு கிடைத்தன. நோட்டீஸ் போனதும் அவர் விற்பனையை நிறுத்தி, அந்த இரண்டு சிடிக்கான பணத்தைக் கொடுத்தார். மொத்தம் 3,000 ரூபாய். முந்தைய விற்பனைக்கு ஒரு பைசாவும் இல்லை. 2011லேயே ஒரு நாள் ஒதுக்கிக் கடலூருக்குப் பஸ் ஏறியிருக்கலாம்.