பாதையைப் படித்தால் படம் வரும்

ஊட்டி மலை ரயிலில் போய்வந்தவர்களின் செல்போனில் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் இருக்கும்: கலங்கிப்போன மரக்கிளை, வெளுத்த பள்ளத்தாக்கு, கதவோரம் சாய்ந்தபடி ஒரு செல்ஃபி. கேமரா சரியில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். குறை கேமராவில் இல்லை. மலையைப் பிடிக்கப் பார்க்கிறோம். மலையேறும் ரயிலை விட்டுவிடுகிறோம். அதே பள்ளத்தாக்கைக் குன்னூர் மலைச்சாலையில் வண்டியை ஓரங்கட்டி, இதைவிடத் தெளிவாக எடுத்துவிடலாம். ரயிலில் உட்கார்ந்தால் மட்டுமே கிடைக்கும் படம் எது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், கேமராவைக் கற்பதற்கு முன் பாதையைக் கற்க வேண்டும்.

யுனெஸ்கோ 2005இல் நீலகிரி மலை ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இயற்கை அழகுக்காக அல்ல. கரடுமுரடான மலையில் இருப்புப்பாதை போட்ட பொறியியல் துணிவுக்காகத்தான் அந்த மதிப்பு. மேட்டுப்பாளையத்தில் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் தொடங்கும் பாதை, 46 கிலோமீட்டர் தொலைவில் உதகமண்டலத்தில் 2,203 மீட்டரைத் தொடுகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே, 12 அடி போனால் ஓரடி உயரும் அளவுக்கு ஏற்றம் செங்குத்தாகிறது. இந்த ஏற்றத்தில் வழவழப்பான தண்டவாளத்தை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரட்டை இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு சட்டத்தின் பல்லுக்கு நேராக அடுத்த சட்டத்தில் இடைவெளி வரும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல்லைக் கவ்வியே இருக்கும். எஞ்சினும் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது என்பதால், பெட்டிகளின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டி வழிசொல்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தவருக்குப் படம் எங்கே காத்திருக்கிறது என்பதும் தெரியும். இந்தப் பாதையில் 208 வளைவுகள்; சராசரியாக 220 மீட்டருக்கு ஒன்று. மேலே ஏறும்போது முன்பெட்டியில் இருந்தால், ரயில் உங்கள் ஜன்னல் பக்கமாக வளையும் ஒவ்வொரு முறையும் பின்பெட்டிகளும் கடைசியில் புகைவிடும் எஞ்சினும் தாமாகவே கண்ணெதிரே வந்து நிற்கும். மொத்தம் 16 குகைப்பாதைகள். வளைவோடு முடியும் குகை என்றால், பெட்டிகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளிவந்து கடைசியில் எஞ்சின் தலைகாட்டும். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரத்தில், நடைமேடையில் நின்றபடியே பற்சட்டத்தையும் நீராவியையும் நிதானமாக எடுக்கலாம். கொடியோடு நிற்பவரைப் படமெடுக்க விரும்பினால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் காட்சிப்பொருள்கள் அல்லர்.

கலங்கலுக்கும் கணக்கு உண்டு. ரயிலின் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றால், அது நொடிக்குச் சுமார் 2.8 மீட்டர். ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் ரயில் நாலரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; 500இல் ஒரு பங்கு என்றால் அரை சென்டிமீட்டர்தான். தூரத்து மலைக்கு இந்த நகர்வு பொருட்டல்ல, கைக்கெட்டும் கிளையைத்தான் அது கலைத்துப் போடும். ஆகவே பக்கத்துக் காட்சிக்கு ஷட்டர் வேகம் கூட வேண்டும், அல்லது கிளை விலகும்வரை பொறுக்க வேண்டும். கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றக் கூடாது. பெட்டியின் அதிர்வு நேராகக் கேமராவுக்கு ஏறிவிடும். கண்ணாடி மூடியிருந்தால் லென்ஸை அதன்மேல் ஒட்டினாற்போல வைத்து, சுற்றிலும் கைக்குட்டையால் மறைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். செல்போனில் வெளியே உள்ள வெளிச்சமான இடத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால் வானம் வெளுக்காது.

கதவில் சாய்ந்து எட்டிப் பார்த்தால்தானே முழு ரயிலும் படத்தில் விழும் என்று பலர் கேட்பார்கள். 1998இல் வந்த ‘உயிரே’ படத்தில் இதே மலை ரயிலின் கூரைமேல் ஆடிய ஆட்டம் அந்த ஆசைக்கு எண்ணெய் வார்த்தது. ஆனால் அது படப்பிடிப்புக்கான ஏற்பாடு. ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் படியிலும் கூரையிலும் பயணிகள் செல்வதை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவு குற்றம் என்கிறது. இந்தப் பாதையில் பாறையைக் குடைந்த சுவர் பெட்டியை உரசுவதுபோல் வரும் இடங்கள் உண்டு. இலங்கையின் மலையகப் பாதையில் படத்துக்காகக் கதவில் தொங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். சட்டமும் ஆபத்தும் ஒருபுறம் இருக்கட்டும். எட்டிப் பார்க்கும் தேவையே இங்கு இல்லை. ரயிலை ஜன்னலுக்குக் கொண்டுவரும் வேலையை வளைவுகள் பார்த்துக்கொள்கின்றன.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது: கண்ணால் காண வேண்டியதைக் கேமரா வழியாகப் பார்த்துப் பயணத்தை இழக்கலாமா? நியாயமான கவலைதான். எதை எடுப்பது என்று தெரியாதவர் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளுகிறார். பயணத்தின் ஐந்து மணி நேரமும் திரையிலேயே போய்விடுகிறது. பாதை தெரிந்தவர் ஏழெட்டு இடங்களில் மட்டும் கேமராவை எடுப்பார், மீதி நேரமெல்லாம் கண்ணுக்குத்தான். படிப்பு பயணத்தின் இன்பத்தைக் கெடுக்கும் என்பதும் சரியல்ல. காலடியில் பல் பல்லாகக் கவ்வி ஏறும் சத்தம் எதனால் வருகிறது என்று அறிந்தவருக்கு அந்தச் சத்தமே இனிக்கும்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர் என்று நிலையங்களின் வரிசையை ஒரு தாளில் எழுதி, எங்கே பற்சட்டம் தொடங்கும், எங்கே தண்ணீர் பிடிப்பார்கள், எங்கே பற்சட்டம் முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே நன்றாக உட்கார்ந்து, வளைவு வரும்வரை காத்திருங்கள். நூறாண்டுக்கு மேலாக மலையேறும் ரயில் அது; அவசரப்படாதவருக்கே தன்னைக் காட்டும்.